சுவர்க்க வாசலில் ஒரு நாய்

மகாபாரதத்தின் 18 பருவங்களுள் 17-ஆவதாகிய மகாபிரஸ்தானிக பருவம் மிகச் சிறியது. மூன்றே அத்தியாயங்களில் முடிந்துவிடுவது. 18 நாட் போரைப் பல்லாயிரம் சுலோகங்களில் விரித்துரைத்த வியாச பகவான், அப்போரில் வென்றவர்களின் கடைசி நடையைச் சொல்ல இவ்வளவே போதுமென்று திருவுள்ளம் பற்றினார். அந்தச் சிறிய இடத்திலும் ஒரு நாய்க்கு இடம் வைத்தார்.

தமிழில் வில்லிபுத்தூரார் பாடிய பாரதம் 10 பருவங்களோடு, அதாவது சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே செய்யுள் வழியாக இக்கதையை அறிந்தவர் குறைவு. காலக்ஷேபங்களிலும் கதாப்பிரசங்கங்களிலும் செவிவழி கேட்டவரே மிகுதி. அப்படிக் கேட்கும்போது, 'அந்த நாய் தருமதேவதை' என்னும் முடிவை நாம் முன்னரே அறிந்துகொண்டே கேட்கிறோம். அதனால் இடையில் நடந்த வாதத்தின் கடுமை நம் செவியில் விழாமற் போகிறது. அவ்வாதத்தையே இங்குச் சிந்திக்க விழைகிறேன். மிக உயர்ந்ததொரு பேற்றை அடையும்பொருட்டு, தன்னை நம்பி உடன்வந்த ஒரு தாழ்ந்த உயிரை விட்டுவிடலாமா என்பதே வினா.

கதையை முதலிற் சற்று நிதானமாகப் பார்ப்போம். யாதவ குலம் அழிந்தது, கண்ணபிரான் தன்னடிச் சோதிக்கு எழுந்தருளினான் என்னும் செய்தி அத்தினாபுரத்தை எட்டியது. பரீக்ஷித்துக்கு முடிசூட்டிவிட்டு, மரவுரி தரித்து, பாண்டவர் ஐவரும் திரௌபதியும் புறப்பட்டனர். நகர மாந்தர் நெடுந்தொலைவு பின்தொடர்ந்தனர். 'திரும்பி வாருங்கள்' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் எழவில்லை. பின்னர்த் தாமே திரும்பிவிட்டனர். திரும்பாதது ஒரு நாய் மட்டுமே. சகோதரர் ஐவர், திரௌபதி ஆறாமவள், நாய் ஏழாவது என்று முனிவர் எண்ணிச் சொல்கிறார். அது யாருடைய நாய், யார் அழைத்தார், என்ன உண்டது என்பதொன்றும் கூறப்படவில்லை.

எழுவரும் முதலிற் கிழக்கே சென்றனர். அங்கே அக்கினி பகவான் வழிமறித்துக் காண்டீவத்தைத் திரும்பப் பெற்றான். பின்னர்த் தெற்கே சென்று, மேற்கே திரும்பி, கடல்கொண்ட துவாரகையைக் கண்டனர். அதன்பின் வடக்கே நடந்து இமயத்தைக் கடந்தனர், மணற்பரப்பைக் கடந்தனர், மேருவை நோக்கி நடந்தனர். அங்கே திரௌபதி வீழ்ந்தாள். பின்னர்ச் சகதேவன், நகுலன், அருச்சுனன் என ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். இறுதியாக வீமனும் வீழ்ந்தான். ஒவ்வொருவர் வீழ்ச்சிக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டுத் தருமபுத்திரர் திரும்பிப் பாராமல் நடந்தார். அவர் பின்னே வந்தது நாய் ஒன்றே. 'உமக்குப் பலமுறை சொன்னேனே, அந்த நாய்' என்று கதை சொல்பவர் ஜனமேஜயனுக்கு இவ்விடத்தில் நினைவூட்டுகிறார். கேட்பவன் மறந்திருப்பான் என்று அவருக்குத் தெரியும். நாய்களை நாம் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை அல்லவா?

அப்பொழுது விண்ணும் மண்ணும் அதிர இந்திரன் தேரோடு வந்து, 'ஏறுக' என்றான். தருமபுத்திரர் முதலில் தம்பியரையும் திரௌபதியையும் பற்றியே கேட்டார். 'அவர்கள் உடலை நீத்து முன்னரே சென்றுவிட்டனர். நீர் இவ்வுடலோடே வரலாம்' என்று விடை வந்தது. அடுத்து அவர், 'இந்த நாய் என்னிடம் எப்போதும் பக்தி உடையது. இதுவும் என்னோடு வரவேண்டும்' என்றார்.

இந்திரன் கூறியவற்றை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 'சாவின்மையும் எனக்கு நிகரான பதவியும் நிறைந்த செல்வமும் பெரும்புகழும் இன்று உமக்குக் கிடைத்துள்ளன; நாயை விட்டுவிடும்; இதில் கொடுமை ஏதுமில்லை' என்றான். 'நாய் வைத்திருப்போர்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை. அவர்கள் செய்த வேள்வி, தானம் முதலியவற்றின் பயனைக் குரோதவசர் என்னும் பூதகணத்தார் பறித்துக்கொள்வர்' என்றான். நாயின் பார்வை பட்டாலே அவி கெடும் என்னும் சாத்திர வழக்கையும் எடுத்துக்காட்டினான். இவையெல்லாம் தூய்மை பற்றியவை. இறுதியாக அவன் எய்த அம்போ மிகக் கூரியது: 'உடன்பிறந்தாரையும் திரௌபதியையும் வழியில் விட்டுவிட்டு வந்தீரே, இந்த நாயை விடுவதற்கு என்ன தடை?'

சற்று நின்று யோசித்தால், இதற்கு விடை கூறுவது எளிதன்று என்பது விளங்கும். நகுலன் வீழ்ந்தபோது நில்லாதவர், நாய்க்காகத் தேரை நிறுத்துகிறார். இது முரணன்றோ? தருமபுத்திரர் அளித்த விடை: 'இறந்தவரோடு நட்பும் இல்லை, பகையும் இல்லை. அவர்களை உயிர்ப்பிக்க என்னால் இயலாது. ஆதலால் விட்டேன், உயிரோடிருந்தபோது விடவில்லை.' அதாவது, கைவிடுதல் என்னும் குற்றம் கைகொடுக்க இயலும் இடத்திலேதான் நிகழும். இயலாமை வேறு, விடுதல் வேறு. இவ்விடை எனக்கு முழுநிறைவு தருகிறது என்று சொல்லமாட்டேன். வீழ்ந்தவர்களை அவர் திரும்பியேனும் பார்த்திருக்கலாமே என்று நெஞ்சு கேட்கத்தான் செய்கிறது. வியாசருக்கும் அது நிறைவு தரவில்லை என்பதற்கு அடுத்த பருவத்திலே சான்று உண்டு; அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

அவர் மேலும் ஒன்று கூறினார். சரணடைந்தவனை அச்சுறுத்தல், பெண்ணைக் கொல்லல், அந்தணன் பொருளைக் கவர்தல், நண்பனுக்குத் துரோகம் செய்தல் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து எண்ணினாலும், பக்தனைக் கைவிடுவது ஒன்றே அவற்றுக்கு நிகராகும் என்றார். தேர் காத்து நிற்க, தேவர் தலைவன் எதிரே நிற்க, குளிரில் நின்றுகொண்டு அம்முதியவர் ஒரு நாய்க்காக இந்த அளவுகோலை எடுக்கிறார்.

நாயைப் பற்றிய கதை இல்லாத நாடு இல்லை. அவற்றோடு ஒப்பிட்டாலன்றி இதன் தனித்தன்மை புலப்படாது.

மறுவுலக வாயிலில் நாயை நிறுத்தும் வழக்கம் மிகப் பழையது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டிலத்தில் யமனுடைய இரண்டு நாய்கள், நான்கு கண்கள் உடையனவாய், பிதிருக்களின் வழியைக் காத்து நிற்கின்றன. பாரசீகரின் அவெத்தாவிலும் சின்வத் பாலத்தைக் காக்கும் நாய்கள் வருகின்றன. இறந்தவர் உடலை நாய் பார்க்கும்படிச் செய்யும் சடங்கும் சரதுஷ்டிர சமயத்தாரிடையே உண்டு. நாம் தீட்டென்று ஒதுக்கும் பார்வையையே அவர்கள் தூய்மை தருவதாகக் கொண்டனர். யவனர் கதைகளில் கெர்பரோஸ் என்னும் பல தலை நாய் பாதாளத்தின் வாயிலில் இருக்கிறது. உள்ளே வருவோரிடம் வாலைக் குழைக்கும். வெளியேற முயல்வோரை விழுங்கும். இவையெல்லாம் காவல் நாய்கள். வாயிலுக்கு உரியன, வழிப்போக்கர்க்கு உரியன அல்ல.

இரண்டாவது வகை, நன்றி மறவாத நாய்கள். இவற்றுள் தலையாயது ஹோமர் பாடிய ஒடிஸியில் வரும் ஆர்கோஸ். ஒடிஸியஸ் என்னும் அரசன் போருக்கும் கடற்பயணத்துக்குமாக 20 ஆண்டுகளைக் கழித்துவிட்டு, பிச்சைக்காரன் வேடத்தில் தன் அரண்மனைக்கு வருகிறான். அவன் வளர்த்த நாய் இப்போது கிழமாகி, உண்ணிகள் மொய்க்க, வாயிலருகே சாணக் குவியல்மீது கிடக்கிறது. மனிதர் எவரும் அறிந்துகொள்ளாத அவனை அது அறிந்துகொள்கிறது. எழுந்து வர வலிமையில்லை, வாலை அசைக்கிறது, செவிகளைத் தாழ்த்துகிறது. அவனோ வேடம் கலைந்துவிடும் என்றஞ்சி அதன் அருகே செல்ல மாட்டாமல், முகத்தைத் திருப்பிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான், உள்ளே போய்விடுகிறான். நாய் அங்கேயே உயிர் விடுகிறது. ஒடிஸியஸைக் குறைகூற இயலாது. மனைவியையும் மகனையும் காக்க வேண்டிய நெருக்கடி அவனுக்கு இருந்தது. எனினும் ஒரு பெருங்காரியத்தின் பொருட்டு ஒரு நாயைத் தாண்டிச் சென்றவன் அவன். தருமபுத்திரர் தாண்டவில்லை.

இன்னொன்று கதையும் வரலாறும் கலந்தது. கி.மு. 480-இல் பாரசீகப் படை ஏதென்ஸை நெருங்கியபோது நகர மக்களிற் பலர் கப்பலேறிச் சலாமிஸ் தீவுக்குச் சென்றனர். வீட்டு விலங்குகள் கரையிலேயே விடப்பட்டன. அவை ஓலமிட்டுக்கொண்டு கரையோரமாக ஓடின. பெரிக்ளீஸின் தந்தையாகிய சாந்திப்பஸ் என்பவருடைய நாய் மட்டும் பிரிவைப் பொறாமல் கடலிற் குதித்து, கப்பலின் பக்கமாகவே நீந்தித் தீவின் கரையை அடைந்து, அங்கே களைத்து விழுந்து இறந்ததாம். இதனை எழுதிவைத்த புளூட்டார்க் என்னும் அறிஞர், வேறோரிடத்தில் இந்நாயை நினைவுகூர்ந்து ஒரு நீதியும் உரைக்கிறார். உயிருள்ளவற்றைத் தேய்ந்த செருப்பைப் போலவும் உடைந்த பாத்திரத்தைப் போலவும் பயன் தீர்ந்ததும் எறிந்துவிடலாகாது என்பது அவர் கருத்து. முதுமையடைந்த அடிமைகளை விற்றுவிட வேண்டுமென்ற ரோமானியப் பெரியார் கேட்டோவை அவ்விடத்தில் அவர் கண்டிக்கிறார். நாயைப் பற்றிய பேச்சு விரைவில் மனிதரைப் பற்றிய பேச்சாகிவிடுவதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதாக, எண்ணிக்கையில் சேர்க்கப்பட்ட நாய் ஒன்று உண்டு. திருக்குர்ஆனின் 18-ஆம் அத்தியாயத்தில், இறைநம்பிக்கையின்பொருட்டு ஊரைவிட்டு ஓடிக் குகையில் ஒளிந்து, 300 ஆண்டுகளும் மேலும் 9 ஆண்டுகளும் உறங்கிய இளைஞர்களின் வரலாறு வருகிறது. கிறித்தவரிடையே எபேசு நகரத்து ஏழு உறங்குவோர் என வழங்கும் கதையும் இதுவே. அவர்களுடைய நாய் குகை வாயிலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்பதில் மக்களுக்குள் கருத்து வேறுபாடு: மூவர், நான்காவது நாய் என்பர் சிலர், ஐவர், ஆறாவது நாய் என்பர் சிலர், எழுவர், எட்டாவது நாய் என்பர் வேறு சிலர். தொகையில் ஐயம் உண்டு. நாய் உண்டு என்பதில் ஐயமில்லை. 'நாய் ஏழாவது' என்று வியாசர் எண்ணியதை இது நினைவூட்டவில்லையா? எனினும் இங்கேயும் நாயின் உறுதிதான் பேசப்படுகிறது.

ஆர்கோஸ் காத்திருந்தது, சாந்திப்பஸின் நாய் நீந்தியது, குகை நாய் வாயிலிற் கிடந்தது. எல்லாம் நாயின் நன்றி. மனிதன் அதற்குப் பட்ட கடன் என்ன, அக்கடனைத் தீர்க்க அவன் எதுவரை இழக்கத் துணிவான் என்னும் வினாவை ஒரு கதையின் உச்சியிலே நிறுத்தியது மகாபாரதம். இங்கே சோதிக்கப்பட்டது நாயன்று.

இந்திரனைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நாய்க்கு இடமில்லை என்றானே, அவனுக்கே ஒரு நாய் இருந்தது! பணிகள் என்போர் ஒளித்துவைத்த பசுக்களைத் தேடிச் சென்ற ஸரமை, தேவர்களின் பெண்நாய் என்று நிருக்தகாரரால் சொல்லப்படுபவள். 'எங்களோடு இரு, உன்னை உடன்பிறந்தாளாகக் கொள்வோம், பசுக்களிற் பங்கு தருவோம்' என்று பணிகள் ஆசை காட்டியும் அவள் இந்திரனை விட்டு நீங்கவில்லை. அந்த ஸரமையை வைத்தே மகாபாரதமும் தொடங்குகிறது. ஜனமேஜயனின் வேள்விச்சாலையில் புகுந்த அவள் குட்டியை அரசனின் தம்பியர் அடித்துத் துரத்தினர். 'நீ ஏதேனும் தவறு செய்திருப்பாய்' என்றாள் தாய். 'நக்கவில்லை, பார்க்கவுமில்லை' என்று அழுதது குட்டி. தவறு செய்யாத என் மகனை அடித்ததால் நினையாத நேரத்தில் உனக்கு அச்சம் வந்து சேரும் என்று அவள் அரசனைச் சபித்தாள். அவன் நடுங்கிப்போய்ச் சாந்தி செய்யப் புரோகிதரைத் தேடி அலைந்தான். காரணமின்றி அடிபட்ட நாயில் தொடங்கும் இதிகாசம், காரணம் சொல்லியும் விடப்படாத நாயோடு முடிவை நெருங்குகிறது. வேள்விச்சாலையில் நாயின் பார்வை பற்றி எழுந்த அதே பேச்சு சுவர்க்க வாசலிலும் எழுகிறது.

இனி, நாயைக் குறித்துத் தருமபுத்திரர் வழங்கிய சொல்லைப் பார்ப்போம். 'பக்தன்' என்றார். அச்சொல் நமக்கு எவ்வளவு பெரியது! எம்பெருமானிடத்தில் ஆழங்காற்பட்ட பெரியோரைச் சுட்ட நாம் போற்றிவைத்திருக்கும் சொல்லை ஒரு நாய்க்கு வழங்குகிறார் அறத்தின் மைந்தர். அப்படி வழங்கிய உடனே அவருடைய நிலையும் மாறிவிடுகிறது. நாய் பக்தனானால், அவர் யார்? பற்றப்பட்டவர், புகலிடமாக நிற்பவர். வாழ்நாள் முழுவதும் கண்ணபிரானைப் புகலாகப் பற்றி நின்றவர், ஒரு கணம், மற்றோர் உயிர்க்குத் தாம் புகலாக நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தப்படுகிறார். புகலாவானுக்கு உரிய இலக்கணம் யாது என்பதை அப்போது அவர் காட்டியாக வேண்டும்.

அவ்விலக்கணத்தை நாம் வேறொரு கடற்கரையில் கேட்டிருக்கிறோம். விபீடணாழ்வான் வானில் வந்து நின்று அடைக்கலம் வேண்டியபோது, சுக்கிரீவ மகாராஜர் ஒரு தடை சொன்னார்: இத்தகைய இடுக்கணில் தன் தமையனையே விட்டு வந்தவன், வேறு யாரைத்தான் விடமாட்டான்? இந்திரன் எடுத்த அம்பும் இதுவேயன்றோ! உடன்பிறந்தாரை விட்டாய் என்பதே இரண்டிடத்தும் குற்றச்சாட்டு, பயன்தான் வேறு. அங்கே, விட்டவனை ஏற்காதே என்பதற்கு அது காரணமாயிற்று; இங்கே, இன்னும் ஒன்றை விடு என்பதற்குக் காரணமாயிற்று. சக்கரவர்த்தித் திருமகன் என்ன அருளினார்? தன் பேடையைக் கவர்ந்த வேடனுக்குத் தன் உடலையே விருந்தாக்கிய புறாவின் கதையைச் சொன்னார். நண்பனென்ற பாவனையோடு வந்தவனை, அவனிடம் குற்றமே இருந்தாலும், நான் எவ்வகையாலும் விடேன் என்றார். வந்தவன் இராவணனே ஆயினும் அழைத்து வா என்றார். ஸ்வாமி தேசிகன் அபயப்ரதான ஸாரத்தில் விரித்தருளியது இக்கட்டத்தையே. வந்தவனின் தகுதி அங்கே அளவுகோலன்று. ஏற்பவனின் இயல்பே அளவுகோல்.

தருமபுத்திரரும் நாயின் தகுதியைப் பேசவில்லை. 'இது நல்ல நாய், தூய நாய்' என்று ஒரு சொல்லும் கூறினாரில்லை. இந்திரன் கூறிய தூய்மைக் கணக்கை மறுக்கவும் இல்லை. நாய் தீட்டு என்பது அவருக்கும் தெரியும். அதுபற்றிய வாதத்துக்கே அவர் போகவில்லை. 'என்னை நம்பி வந்தது' என்னும் ஒன்றிலேயே நின்றார். கற்றறிந்த அந்தணனிடத்தும் பசுவினிடத்தும் யானையினிடத்தும் நாயினிடத்தும் அறிவாளர் சமமாகவே நோக்குவர் என்று கண்ணபிரான் அவர் தம்பிக்கு உபதேசித்ததுண்டு. தேர்த்தட்டில் தம்பி கேட்டதைத் தமையனார் பனிமலையில் நடத்திக் காட்டினார்.

இதற்கு வடமொழியில் ஒரு பெயர் உண்டு: ஆந்ருசம்ஸ்யம். கொடுமையின்மை என்று சொற்பொருள். பிறர் துன்பம் காணப் பொறாமல் இளகும் நெஞ்சு என்பது கருத்து. நச்சுப் பொய்கைக் கரையில் யக்ஷன் 'தருமங்களுள் உயர்ந்தது எது' என்று கேட்டபோது தருமபுத்திரர் சொன்ன விடை இதுவே. நான்கு தம்பியர் மாண்டு கிடக்க, ஒருவனை மட்டும் எழுப்பலாம் என்றபோது, வீமனையும் அருச்சுனனையும் கேளாமல், மாற்றாந்தாய் மகனாகிய நகுலனைக் கேட்டதும் அதனாலேயே. அசோகவனத்தில் பிராட்டி திருவடியிடம், ஆந்ருசம்ஸ்யமே மேலான தருமம் என்பதைத் தன் நாயகனிடமே கேட்டறிந்ததாகச் சொல்லியனுப்பினாள் என்று ஸ்ரீராமாயணத்திலும் காண்கிறோம். கேட்ட உபதேசத்தைச் சொன்னவர்க்கே நினைவூட்டும் அந்தப் பரிவை எண்ணினால் உள்ளம் உருகும்.

குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது. பூனையோ தானே குட்டியைக் கவ்விச் செல்கிறது. இவ்விரு நியாயங்களையும் கொண்டு நம் பெரியோர்கள் நடத்திய வாதம் பெரிது. அதில் நுழைய அடியேனுக்குத் தகுதியில்லை. ஆனால் இந்த நாய் பற்றவும் இல்லை, தூக்கப்படவும் இல்லை. பின்னே நடந்தது. அவ்வளவே. 'என்னைக் காப்பாற்று' என்று வாய்திறந்து கேட்டதாகவும் கதையில்லை. நடந்து வந்ததையே சரணாகதியாகக் கொண்டார் தருமபுத்திரர். திருவேங்கடமுடையான்முன் தம்மை நாயேன் என்று சொல்லிக்கொண்டு நின்ற திருமங்கையாழ்வாரின் திருவுள்ளத்தில் இத்தகைய நாய் ஒன்று இருந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. வந்தடைந்தேன் என்பதற்குமேல் சொல்லிக்கொள்ள ஏதுமில்லாத நிலை அது.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்கும்போது சேவிக்க வரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறோம். பெருமாள் எழுந்தருளும் அக்கணத்தில் எல்லாரும் முன்னே பாய்கிறோம். ஊரிலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்த பாட்டியம்மாள் எந்தத் தூணருகே நின்றுவிட்டாள் என்பது வாசலைக் கடந்த பிறகே பலருக்கு நினைவு வருகிறது. 'புண்ணியம்தானே தேடுகிறோம், இதில் கொடுமை ஏதுமில்லை' என்பது இந்திரன் சொன்ன சொல். தீய செயலுக்காக ஒருவரைக் கைவிடுவோர் சிலர். நல்ல செயலுக்காகக் கைவிடுவோர் பலர். திருத்தல யாத்திரை, விரதம், ஞானம், துறவு என்று எந்த உயர்ந்த பெயரும் இதற்கு மறைப்பாகலாம். தருமபுத்திரர்முன் வைக்கப்பட்டது மது அன்று, மாது அன்று, பிறர் நாடு அன்று, சுவர்க்கம். ஆதலால்தான் அது சோதனையாயிற்று.

நாய் மறைந்து தருமதேவதை தோன்றியதைக் கேட்டவுடன், 'அப்பாடா, அது தேவதைதான். அவர் செய்தது சரியே' என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். அந்த ஆறுதலில் ஒரு பிழை ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முடிவு செய்தபோது அவர் எதிரே இருந்தது நாய். அது நாயாகவே இருந்திருந்து, தேர் வெறுமனே திரும்பிப் போயிருந்தால், அவருடைய செயல் அணுவளவும் குறைந்திராது, ஒருகால் கூடியிருக்கும். தேவதை என்று தெரிந்து உபசரிப்பது யாரால்தான் ஆகாது?

ஸ்ரீராமாயணத்து உத்தர காண்டத்தில் நாய் நாயாகவே நின்ற வரலாறு ஒன்று உண்டு. இடைச்செருகலென்று பல பதிப்புகளில் தனியே வைக்கப்பட்டது. தலையில் அடிபட்ட நாய் ஒன்று அயோத்தி அரண்மனை வாயிலுக்கு வந்து நிற்கிறது. 'அரசர் மனையிலும் தேவர் கோயிலிலும் அழையாமல் நுழையும் தகுதி எமக்கில்லை' என்று இளைய பெருமாளிடம் சொல்லி, உத்தரவு வந்த பின்னரே உள்ளே வருகிறது. அடித்தவன் ஒரு பிச்சையெடுத்துண்ணும் அந்தணன். பெருமாள் அவனை அழைத்து, நாயின் முறையீட்டை மனிதனின் முறையீட்டைப் போலவே விசாரித்தார். அவனைக் காலஞ்சரத்தில் குலபதியாக்குமாறு நாயே கேட்டதும், முற்பிறவியில் தான் வகித்து வழுக்கி விழுந்த பதவி அது என்று விளக்கியதும் சுவையான பகுதி. பொதுச்சொத்தை ஆளும் பொறுப்பு எத்தகையதென்று அந்த நாய் நன்கு அறிந்திருந்தது! அது கடைசிவரை நாயாகவே இருந்தது; எந்தத் தேவதையும் அதனுள்ளிருந்து வெளிப்படவில்லை.

தம்பியரைப் பற்றிய நம் குறைக்கு வருவோம். சுவர்க்கம் புகுந்த தருமபுத்திரர் அங்கே துரியோதனன் ஒளிவீசும் ஆசனத்தில் வீற்றிருப்பதைக் கண்டார்; தம்பியரைக் காணவில்லை. 'அவர்கள் எங்கே? அவர்கள் இருக்குமிடமே எனக்குச் சுவர்க்கம்' என்றார். தேவதூதன் ஒருவன் இருளும் துர்நாற்றமும் நிறைந்த வழியே அழைத்துச் சென்றான். பொறாமல் அவர் திரும்ப எத்தனித்தபோது, இருளிலிருந்து குரல்கள் எழுந்தன: 'சற்றே நில்லும், உம்மீது பட்டு வரும் காற்று எங்கள் வேதனையைத் தணிக்கிறது.' 'யார் நீங்கள்?' என்றார். கர்ணன், வீமன், அருச்சுனன், நகுலன், சகதேவன், திரௌபதி என்று ஒவ்வொரு பெயராக வந்தது. அவர் தூதனைப் பார்த்து, 'நீ போ. என்னால் இவர்களுக்கு ஆறுதல் உண்டாகுமானால் நான் இங்கேயே இருப்பேன்' என்றார். மலையில் திரும்பிப் பாராமல் நடந்தவர் நரகத்தில் திரும்பி நின்றார். அறக்கடவுள் பின்னர் அவரிடம், பொய்கைக் கரையில் ஒன்று, நாயின் வடிவில் ஒன்று, இது மூன்றாவது சோதனை என்று கூறினார். நாயை விட்டிருந்தால் இந்த மூன்றாவதற்கு அவர் வந்தேயிரார். நடுவிலிருந்த அந்தப் படியில் நின்றே அவர் இதற்கு ஏறினார். திருக்கோட்டியூரில் நம்பிகள் இட்ட கட்டளையைக் கடந்து, நான் ஒருவன் நரகம் புகுந்தாலும் இத்தனை பேர் உய்வர் என்று துணிந்த எம்பெருமானாரின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த நிலை புதிதன்று.

விலங்காயினும் மனிதனாயினும் பறவையாயினும், ஒரு வைணவனைச் சார்ந்து நின்ற உயிர் அச்சார்பு ஒன்றாலேயே பரமபதம் பெறும் என்று நம் முன்னோர் எடுத்தாளும் வசனம் ஒன்றுண்டு. தருமபுத்திரர் கேட்டது ஏறக்குறைய இதுவே: 'எனக்குள்ள இடத்தில் இதற்கும் இடம்.' சுவர்க்கத்து அதிபதியிடம் அதற்கு விதி இருக்கவில்லை. ஆயின் இத்தகைய இன்னொரு மகாபிரஸ்தானமும் நடந்ததுண்டு. இராமபிரான் தன்னடிச் சோதிக்கு எழுந்தருளத் திருவுள்ளங்கொண்டு அயோத்தியிலிருந்து சரயுவை நோக்கி நடந்தபோது, பின்னே வந்தது ஒரு நாய் மட்டுமன்று. பரத சத்துருக்கனர் வந்தனர். அந்தணரும் அமைச்சரும் குடிகளும் பெண்டிரும் குழந்தைகளும் வந்தனர். குரங்குகளும் கரடிகளும் அரக்கரும் வந்தனர். பறவைகளும் விலங்குகளும் வந்தன. மூச்சுவிடும் உயிர் ஒன்றுகூட அயோத்தியிற் பின்தங்கவில்லை என்கிறார் வான்மீகி. புல்லும் எறும்பும் ஈறாக ஒன்றையும் விடாமல் உயர்ந்த நிலையில் வைத்தான் என்று நம்மாழ்வார் இதனைப் பாடினார். அவை என்ன தவம் செய்தன என்றால், அவனுடைய அயோத்தியில் வாழ்ந்தன என்பதே விடை.

சரயுவின் கரையில் நான்முகன் எதிர்கொண்டு வந்து நின்றான். எம்பெருமான் அவனிடம் தனக்கென்று ஒன்றும் பேசவில்லை. திரும்பி, பின்னே நின்ற கூட்டத்தைக் காட்டி, 'இவர்கள் அன்பினால் என்னைத் தொடர்ந்து வந்தவர்கள், எனக்காகத் தம்மையே விட்டவர்கள், பக்தர்கள், இவர்களுக்கு இடம் சொல்' என்றான். நான்முகன் சாந்தானிகம் என்னும் உலகங்களைச் சொன்னான். பிறகு ஒவ்வொருவராகத் துறையில் இறங்கினர். மனிதர் இறங்கிய அதே துறையில், அதே நீரில், விலங்குகளும் இறங்கின.